பொதுக் கழிப்பிடமும் பொது உரிமையும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கழிப்பிடத்தைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச் சுளிப்புத்தான் இப்பொருளைச் சூழ்ந்த முதல் இடர். உண்டவர் எல்லார்க்கும் உரியதோர் உடற்கடனை வாய்விட்டுச் சொல்ல நாணுகின்ற சமுதாயம், அதற்குரிய இடத்தை அமைப்பதிலும் கருத்தூன்றுவதில்லை. அவ்விடத்தைத் துப்புரவு செய்யும் வேலையை மட்டும் நம் மக்கள் தலையில் தலைமுறை தலைமுறையாக ஏற்றி வைத்தது. ஆகவே, இதைப் பற்றிப் பேசும் உரிமை பிறரைக் காட்டிலும் நமக்கு மிகுதி, கடமையும் மிகுதி.

'பொது' என்னும் சொல்லை நாம் எளிதில் பெற்றுவிடவில்லை. 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் எல்லா வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்று தீர்மானம் நிறைவேற வேண்டியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் முதலிய நம் முன்னோர் அதற்காக உழைத்தனர். 1927ஆம் ஆண்டு மகாத் நகரில் பொதுக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகுவதற்கு அண்ணல் அம்பேத்கர் ஓர் அறப்போரே நடத்த வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் சாதி முதலியன காரணமாக எவரையும் தடுத்தல் ஆகாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் வழியில் 1955இல் வந்த சட்டம், தீண்டாமையின் பெயரால் தடுக்கக் கூடாத இடங்களை வரிசைப்படுத்தியபோது, கழிப்பிட வசதிகளையும் பெயர் சொல்லியே சேர்த்தது. பொதுக் கழிப்பிடத்தில் நுழையும் உரிமை நமக்குச் சலுகையாக வந்ததன்று. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை.

ஆயினும், கதவு திறந்திருப்பதும் உள்ளே நுழைய முடிவதும் ஒன்றல்ல. சாதியால் தடுக்கப்படாத ஒருவர் படிக்கட்டால் தடுக்கப்படலாம். கதவின் அகலத்தால் தடுக்கப்படலாம். இருட்டால், தாழ்ப்பாள் இன்மையால், தண்ணீர் இன்மையால் தடுக்கப்படலாம். தடுக்கப்படுவதன் வலி இன்னதென்று அறிந்த நாம், இவ்வாறு தடுக்கப்படுவோரின் நிலையை உணராவிட்டால் வேறு யார் உணர்வர்?

நம் நாட்டில் பொதுக் கழிப்பிடம் கட்டுவோர் பெரும்பாலும் ஒரே ஒரு மனிதனை மனத்தில் வைத்துக் கட்டுகின்றனர். அவன் இளைஞன், ஆண், கண்ணும் காதும் காலும் நலமாக உள்ளவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன், கைக்குழந்தை இல்லாதவன். அம்மனிதனுக்குப் பொருந்தும் அளவில் ஒரு கட்டடம் எழும்புகிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் இறங்குகின்றவர்களைப் பாருங்கள். முழங்கால் மடங்காத பாட்டி இறங்குகிறார். நிறைமாதக் கருவுற்ற பெண் இறங்குகிறார். கோலூன்றி வரும் பார்வையற்றவர், உதவிக்கு ஒருவர் உடன்வர வேண்டிய மனவளர்ச்சி குன்றிய பிள்ளை, திருநங்கை, நான்கு வயதுக் குழந்தை, எல்லாரும் இறங்குகின்றனர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். முதுமையும் நோயும் விபத்தும் நம்மில் யாரையும் நாளை அக்கணக்கில் சேர்க்கும் என்பதையும் மறத்தல் ஆகாது.

இனி, அமைப்பு முறையைச் சற்று விரிவாகக் காண்போம். இவை பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. கட்டடத்துக்கு இடம் ஒதுக்கும் ஊராட்சி உறுப்பினர்க்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் பெற்றோர்க்கும் இவை தெரிந்திருத்தல் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டால்தான் வரைபடம் திருந்தும்.

முதலாவது நுழைவாயில். தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டடம் இருந்தால், சக்கர நாற்காலிக்கு எவ்வளவு நீளமான சாய்தளம் வேண்டும்? ஓர் அங்குலம் உயர்வதற்கு 12 அங்குல நீளம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதன்படி ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். நம் ஊர்களில் பல இடங்களில் 4 அடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவைப் போட்டுவிட்டுச் சாய்தளம் என்று கணக்கு எழுதி விடுகின்றனர். அதில் ஏறுபவர் பின்னோக்கிச் சாய்வார். இறங்குபவர் முன்னோக்கி விழுவார். இடம் குறைவாக இருந்தால், கட்டடத்தின் தளத்தையே தாழ்த்திக் கட்டுவது அறிவுடைமை.

இரண்டாவது கதவு. சக்கர நாற்காலியின் அகலம் ஏறத்தாழ 650 முதல் 700 மில்லிமீட்டர். நம் கழிப்பறைக் கதவுகள் பெரும்பாலும் 2½ அடிக்கு மேற்படுவதில்லை. நிலையின் விளிம்பும் கதவின் கனமும் போக எஞ்சும் வழியில் நாற்காலி நுழையாது. நுழைந்தாலும் சக்கரத்தைத் தள்ளும் கைகள் நிலையில் உராயும். ஆகவே 900 மில்லிமீட்டர், அதாவது 3 அடி, தடையின்றித் திறந்திருக்க வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். காப்பாற்ற வருபவர் திறக்க முடியாது.

மூன்றாவது உள்ளிடம். நாற்காலி திரும்புவதற்கு 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அமரும் கோப்பை தரையிலிருந்து 450 முதல் 480 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், நாற்காலியிலிருந்து அதற்கு மாறி அமர்வது எளிது. சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பிகள் வேண்டும். ஆளின் முழு எடையையும் தாங்கும்படி அவை பதிக்கப்பட வேண்டும். நம் வழக்கம் நீரால் கழுவுவது. எனவே குழாயும் குவளையும் அமர்ந்தவர் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். தரை ஈரத்தில் வழுக்காத கல்லால் ஆனதாக, நீர் தேங்காமல் வாட்டம் உடையதாக இருத்தல் வேண்டும். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டினால் இவை விட்டுப் போகும். குந்தி அமர்வதையே விரும்புவோரும் நம்மிடையே மிகுதி. அவர்கட்கான அறைகளிலும் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தால், முழங்கால் வலியுள்ள முதியோர் எழுந்து நிற்க அது போதும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

நான்காவது அறிவிப்பு. எழுத்தறியாதவர்க்குப் படம் வேண்டும். பார்வையற்றவர்க்குத் தொட்டு உணரும் புடைப்பு எழுத்தும், பாதத்தால் உணரும் தரைக்கற்களும் வேண்டும். காது கேளாதவர் உள்ளே இருக்கும்போது வெளியே தட்டினால் அவர்க்குத் தெரியாது. உள்ளே ஆள் உண்டு, இல்லை என்பதை வெளியிலிருந்து காட்டும் தாழ்ப்பாள் அவருடைய மானத்தைக் காக்கும். கணவரைத் தூக்கி அமர்த்த வேண்டிய மனைவி ஆண்கள் பகுதிக்குச் செல்வதா, அவரைப் பெண்கள் பகுதிக்கு அழைத்துச் செல்வதா? இவ்வின்னலைத் தீர்க்க, பொதுப் பாதையிலிருந்தே நேராக நுழையக்கூடிய தனியறை ஒன்று வேண்டும். அவ்வறை மகளை அழைத்து வரும் தந்தைக்கும் பயன்படும். ஆண், பெண் என்னும் இரு வாயில்களிலும் ஏளனத்துக்கு ஆளாகும் திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் பயன்படும். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநரின் உரிமைகளை ஏற்று வழங்கிய தீர்ப்பிலேயே, அவர்கட்குத் தனிக் கழிப்பிட வசதி செய்து தருமாறு அரசுகளுக்குக் கட்டளையிட்டது. ஆயினும் தனியறை ஒன்றைக் காட்டி, 'உமக்கு இது மட்டுமே' என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. ஒதுக்கிடம் என்பதன் பொருள் நமக்கு நன்கு தெரியும்.

பெண்கள் பகுதியைப் பற்றிக் கூறவேண்டியது உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரப்பில் அறைகள் கட்டுவதே நீதி என்று பலர் எண்ணுகின்றனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பரப்பில் ஆண்களுக்குச் சிறுநீர்ப் பிறைகள் பல அமையும். பெண்களுக்கு அமையும் அறைகள் சிலவே. பெண்களுக்கு உடையின் காரணமாகவும் உடலமைப்பின் காரணமாகவும் நேரம் கூடுதலாக வேண்டும். குழந்தையும் உடன் இருக்கும். ஆகவே பரப்பில் சமன்செய்தால், காத்திருப்பதில் பெண்களே தோற்பர். இதன் விளைவைப் பள்ளிகளில் நாம் நாள்தோறும் காண்கிறோம். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் மாணவி மாலைவரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டிவரும். போக இடம் சரியில்லை. தாகத்தை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கும் ஆங்கிலமும் எவ்வாறு மனத்தில் ஏறும்? மாதவிடாய் நாட்களில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விழும் குறியை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக் கட்டடத்தில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகளும் தடையற்ற வழியும் இருத்தல் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே கூறுகிறது. ஆனால் கட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளை ஆய்ந்து, தணிக்கைத் துறைத் தலைவர் 2020இல் ஓர் அறிக்கை அளித்தார். ஆய்வில் கண்ட 2,326 கழிப்பறைகளில் 1,679இல் உள்ளே குழாய் நீர் இல்லை. நூற்றுக்கு எழுபத்திரண்டு! நீரில்லாக் கழிப்பறை சில நாட்களில் பூட்டப்படும். பூட்டிய கழிப்பறை கணக்கேட்டில் மட்டும் கழிப்பறையாக இருக்கும்.

இதுவரை கூறியவற்றைப் பல நூல்களும் கூறும். நூல்கள் பலவும் விட்டுவிடும் ஒருவரைப் பற்றி இப்போது கூற வேண்டும். கழிப்பிடத்தை ஒருநாளில் மிக நீண்ட நேரம் பயன்படுத்துபவர் யார்? அதைத் தூய்மை செய்பவரே. மற்றவர் சில நிமிடங்கள் இருந்து செல்கின்றனர். அவரோ மணிக்கணக்கில் அங்கேயே நிற்கிறார். ஆயினும் வரைபடத்தில் அவருக்கு இடமில்லை. அவர் கையுறையை வைக்க ஒரு மாடம் இல்லை. உடை மாற்ற ஒரு மறைவு இல்லை. வேலை முடிந்து குளிக்க ஒரு குழாய் இல்லை. இது மறதியன்று. கழிவை அள்ளுவதற்கென்றே ஒரு சாதி உண்டு, அவர்கள் எப்படியோ பார்த்துக்கொள்வார்கள் என்னும் பழைய நினைப்பு, பொறியாளர் தாளில் வெற்றிடமாக நிற்கிறது.

வரைபடத்தில் விட்ட ஒவ்வொரு குறையும் இறுதியில் ஒரு மனிதர் கையில் வந்து முடிகிறது. மாதவிடாய்த் துணியைப் போட மூடியுள்ள தொட்டி வைக்கவில்லை என்றால், அது கோப்பைக்குள் போகும், குழாய் அடைத்துக்கொள்ளும், அதை எடுக்க ஒருவர் கையை விட வேண்டும். ஆய்வுத் தொட்டியின் வாய் சிறியதாக, சாலைக்கு எட்டாத மூலையில் இருந்தால், கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தியின் குழாய் அங்கே போகாது. ஓர் ஆளை இறக்குவர். அடைபட்ட தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு தேங்கியிருக்கும். அதன் செறிவு கூடும்போது நாற்றம் அறியும் புலனே மரத்துப் போகும். இறங்கியவர் ஆபத்தை உணர்வதற்குள் வீழ்வார். அவரைக் காக்க இறங்கியவரும் வீழ்வார். இத்தகைய சாவுகளைச் செய்தித்தாளில் படிக்கும்போது, விபத்து என்று எழுதியிருக்கக் காண்கிறோம். அவற்றுள் பல, கட்டடம் கட்டிய நாளிலேயே வரைபடத்தில் எழுதப்பட்டவை.

சட்டத்துக்குக் குறைவில்லை. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதையும் எடுப்புக் கழிப்பிடம் கட்டுவதையும் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. அதனினும் விரிவான சட்டம் 2013இல் வந்தது; பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவது அதன்படி குற்றம். இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு குடும்பத்துக்கு வேண்டியதே. ஆனால் இழப்பே நேராதபடி கட்டுவதற்குச் செலவு அதனினும் குறைவு. தொட்டியைச் சாலையோரம் அமைத்து வாயை அகலமாக விட வேண்டும். சுவரும் தரையும் கூடும் மூலைகளை வளைவாகப் பூசினால் அழுக்குத் தங்காது. தேய்ப்பவர் முதுகு ஒடியாது. ஒவ்வொரு பகுதியிலும் நீர்க்குழாய் மாட்ட ஓர் இணைப்பு வேண்டும். துணித் தொட்டியின் உட்பையைக் கைபடாமல் கட்டி எடுக்கும்படி அமைக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்க்கென ஓர் அறையும் குளியலிடமும் வேண்டும்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு இரட்டைக் குழி முறை ஏற்றது. பிந்தேஷ்வர் பாடக் 1970இல் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கம் இதை நாடெங்கும் பரப்பியது. ஒரு குழி நிறைந்ததும் கழிவை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம். மூடிய குழி இரண்டாண்டு ஓய்வில் கிடந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகும், மண்வெட்டியால் எடுக்கலாம். குழியின் அடித்தளத்தையும் சுவரையும் சிமெண்டால் முழுதும் பூசிவிட்டால் இம்முறையின் பயன் கெடும். நீர் மண்ணில் இறங்குவதற்கே அங்கே துளைகள் விடப்படுகின்றன. குடிநீர்க் கிணற்றுக்கு அருகிலும் நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்திலும் இதை அமைத்தல் கூடாது.

அமைப்பைப் போலவே இடமும் முதன்மையானது. ஊர்த் தெருவின் நடுவில் கட்டினால் சேரிப் பெண்கள் அவ்வழியே போகத் தயங்குவர். சேரியின் ஓரத்தில் கட்டினால் ஊரார் வருவதில்லை. அதோடு, 'உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது, நீங்களே கழுவுங்கள்' என்ற பேச்சும் எழும். எல்லாரும் நடக்கும் சாலையில், விளக்கொளியில், பேருந்து நிறுத்தத்துக்கோ சந்தைக்கோ அருகில் அமைத்தலே முறை. அடுத்து, திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது. மாற்றுத்திறனாளி அறையைப் பூட்டி, உள்ளே துடைப்பமும் பழைய நாற்காலியும் அடுக்கி வைத்திருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம்.

நன்றாக நடத்திக் காட்டியவர்களும் நம் மாநிலத்திலேயே உண்டு. திருச்சிராப்பள்ளியில் குடிசைப் பகுதிப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, கிராமாலயா முதலிய தொண்டு நிறுவனங்களின் துணையோடு பொதுக் கழிப்பிடங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தினர். பயன்படுத்துவோர் தரும் சிறு கட்டணத்தில் காவலுக்கும் தூய்மைக்கும் வழி செய்தனர். குழந்தைகளுக்கெனத் தனிச் சிறு கழிப்பிடங்களும் அங்கே எழுந்தன. 2002இல் கல்மந்தைப் பகுதி திறந்தவெளியில் மலங்கழிப்போர் இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பயன்படுத்துவோர் கையில் பொறுப்பு இருந்தால் கதவு திறந்திருக்கும் என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

நீதிமன்றங்களும் நம் பக்கம் நிற்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான தடையற்ற அமைப்புப் பற்றிய விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்றல் ஆகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் கூறியது. நாட்டின் நீதிமன்றங்கள் யாவற்றிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகிய அனைவர்க்கும் கழிப்பிட வசதி வேண்டும் என்று 2025 சனவரியில் ஆணையிட்டது.

பெரியோர்களே! இவ்விழாவில் பாராட்டு உரைகளோடு ஒரு செயலையும் மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் கழகம் இனி எழுப்பும் எக்கட்டடமாயினும், அதன் கழிப்பிட வரைபடத்தில் கையொப்பம் இடுமுன், அதை முழு அளவில் தரையில் வரைந்து பார்க்க வேண்டும். விளையாட்டு விழாவுக்கு ஓட்டத் தடம் போடுகிறோமே, அதே சுண்ணாம்புத் தூள் போதும். பள்ளி மைதானம் போதும். சுவரும் கதவும் கோப்பையும் குழாயும் இருக்கும் இடங்களைக் கோடுகளால் குறிக்கலாம். மாணவர்களே அளந்து வரையட்டும்; அவர்களுக்கு அது கணக்குப் பாடமும் ஆகும்.

பிறகு எழுவரை அழைப்போம். சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், பார்வையற்ற ஒருவர், முழங்கால் வலியுள்ள முதியவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், மேல்வகுப்பு மாணவி, திருநங்கை, தூய்மைப் பணியாளர் ஆகிய எழுவர். ஒவ்வொருவரும் அக்கோடுகளுக்குள் நுழைந்து, திரும்பி, அமர்ந்து, வெளியே வந்து காட்டட்டும். எங்கே இடிக்கிறது, எது எட்டவில்லை, எது அச்சம் தருகிறது என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு கோட்டை அழித்து வரைவோம். சுண்ணாம்புக் கோட்டை அழிக்கச் செலவில்லை. சுவரை இடிக்கத்தான் செலவு.

எழுவருள் தூய்மைப் பணியாளரை இறுதியில் கேட்போம். 'இந்தக் கட்டடத்தை உங்கள் கை மலத்தில் படாமல், உங்கள் உயிருக்கு ஆபத்தில்லாமல் தூய்மை செய்ய முடியுமா?' என்று கேட்போம். முடியும் என்று அவர் சொன்ன பிறகே தலைவரும் செயலாளரும் கையொப்பமிடட்டும். முடியாது என்றால் மறுபடியும் சுண்ணாம்பை எடுப்போம்.

நம் பிள்ளைகளின் கையில் துடைப்பத்துக்குப் பதிலாகப் புத்தகத்தைக் கொடுக்கவே இக்கழகம் தோன்றியது. பள்ளியில் கழிப்பறை கழுவும் வேலையை ஏதேனும் ஒரு சாதிப் பிள்ளையிடம் ஒப்படைக்கும் கொடுமை இன்னும் செய்தியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நம் பிள்ளை அவ்வேலையிலிருந்து தப்பித்தால் போதும் என்று நாம் நின்றுவிடல் ஆகாது. எவர் பிள்ளையும் அவ்வாறு குனிய வேண்டாத கட்டடத்தைக் கட்டுவதே இக்கல்வியின் பயன்.